இரட்டைக் குடியுரிமை உள்ள பத்திரிகையாளர் வெளிநாட்டில் கைதானால் அவருடைய அரசுக்கு என்ன கடமை?

2013 டிசம்பர் 29 அன்று கெய்ரோவில் அல் ஜசீரா ஆங்கிலச் சேனலின் செய்தியாளர்கள் மூன்று பேரை எகிப்து போலீஸ் கைது செய்தது. ஒருவர் பீட்டர் கிரெஸ்டே, ஆஸ்திரேலியர். இன்னொருவர் முகமது ஃபாமி. எகிப்தியக் குடும்பத்தில் பிறந்து, 1991-இல் கனடாவில் குடியேறி, இரண்டு நாடுகளுக்கும் குடிமகனாக இருந்தவர். மூன்றாமவர் பாஹர் முகமது. அவருக்கு எகிப்தியக் குடியுரிமை மட்டும்தான். மூவர் மீதும் ஒரே வழக்கு: தடை செய்யப்பட்ட முஸ்லிம் சகோதரத்துவ அமைப்புக்கு உதவினார்கள், பொய்ச் செய்தி பரப்பினார்கள். 2014 ஜூனில் முதல் இருவருக்கும் ஏழு ஆண்டு, பாஹருக்குப் பத்து ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது.

அந்த ஆண்டு நவம்பரில், கைதான வெளிநாட்டவரை அவரவர் நாட்டுக்கு அனுப்பிவைக்க அதிபருக்கு அதிகாரம் தரும் ஆணை ஒன்றை எகிப்து கொண்டுவந்தது. 2015 பிப்ரவரி 1 அன்று கிரெஸ்டே விடுதலையாகி விமானம் ஏறினார். சிறையில் அவர் கழித்தது 400 நாட்கள். ஃபாமிக்கும் அந்த ஆணை பொருந்தியிருக்க வேண்டும், அவரும் கனடாக்காரர்தானே. ஆனால் எகிப்தின் கண்ணில் அவர் எகிப்தியர். குடியுரிமையைத் துறந்தால் போகலாம் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் துறந்தார். அதற்குப் பிறகும் அனுப்பவில்லை. பிப்ரவரி 12 அன்று மறுவிசாரணை தொடங்கியபோது, எகிப்துக் கொடியை விரித்துக் காட்டி, தான் ஆசைப்பட்டு நாட்டைத் துறக்கவில்லை என்று நீதிபதியிடம் முறையிட்டார். ஜாமீன் கிடைத்தது. ஆனால் ஆகஸ்டில் மறுபடியும் மூன்று ஆண்டு தண்டனை, மறுபடியும் சிறை. 2015 செப்டம்பர் 23 அன்று அதிபரின் மன்னிப்பில்தான் அவரும் பாஹரும் வெளியே வந்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கிரெஸ்டேயும் இரட்டைக் குடியுரிமைக்காரர்தான். ஆஸ்திரேலியாவோடு லாட்வியாவின் குடியுரிமையும் அவருக்கு இருந்தது. அதனால் அவருக்கு ஒரு தீங்கும் வரவில்லை. உதவ இரண்டு தூதரகங்கள் இருந்தன. ஆகவே இரண்டு கடவுச்சீட்டு வைத்திருப்பதால் சிக்கல் வருவதில்லை. சிறைபிடித்த நாடே அந்த இரண்டில் ஒன்றாக இருந்தால்தான் சிக்கல். அப்போது இன்னொரு நாடு எவ்வளவு தூரம் குறுக்கிடலாம், எவ்வளவு தூரம் குறுக்கிட்டே ஆக வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

தூதரக உதவி வேறு, அரசே வழக்கை ஏற்பது வேறு

வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட ஒருவருக்கு அவருடைய நாடு இரண்டு வகையில் உதவ முடியும். செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். பிரித்துப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலாவது, தூதரக உதவி. கைதானவரைச் சிறையில் போய்ப் பார்ப்பது, வக்கீல் ஏற்பாடு செய்வது, மருந்து கிடைக்கிறதா என்று விசாரிப்பது, குடும்பத்துக்குத் தகவல் சொல்வது, நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து கவனிப்பது. இதற்கு 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தம் அடிப்படை. அதன் 36-ஆம் பிரிவின்படி, ஒரு வெளிநாட்டவரைக் கைது செய்தால், அவருடைய தூதரகத்துக்குச் சொல்லும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதைத் தாமதமில்லாமல் அவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரிகள் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும்.

இந்தப் பிரிவின் வலு என்ன என்பதை இந்திய வாசகர்கள் பாகிஸ்தான் சிறைவைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் பார்த்திருக்கிறார்கள். அவர் உளவாளி, ஆகவே தூதரக உதவிக்கு உரிமை இல்லை என்று பாகிஸ்தான் வாதாடியது. 2019 ஜூலை 17 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உளவுக் குற்றச்சாட்டு இருந்தாலும் 36-ஆம் பிரிவு பொருந்தும், பாகிஸ்தான் அதை மீறிவிட்டது என்று 15 நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. ஜாதவ் பத்திரிகையாளர் அல்லர். ஆனால் பத்திரிகையாளர்கள் மீது பல நாடுகள் முதலில் சுமத்துவது உளவுக் குற்றச்சாட்டைத்தான் என்பதால் அந்தத் தீர்ப்பு அவர்களுக்கும் வேண்டியது.

இரண்டாவது வகை இன்னும் கனமானது. ஆங்கிலத்தில் டிப்ளமேடிக் புரொடெக்‌ஷன் என்பார்கள். தமிழில் ராஜதந்திரப் பாதுகாப்பு என்று எழுதுகிறோம். இதில் அரசு உதவியாளராக நிற்பதில்லை, தானே வழக்காளியாகிறது. "என் குடிமகனுக்கு நீ செய்த அநீதி எனக்குச் செய்த அநீதி" என்று சொல்லி, இரண்டு நாடுகளுக்கு இடையிலான தகராறாக அதை மாற்றுகிறது. அதன் பிறகு சர்வதேச நீதிமன்றம், நடுவர் மன்றம், இழப்பீடு என்று மேலே போகலாம். இதற்கு நிபந்தனைகள் உண்டு. கைது செய்த நாட்டின் நீதிமன்றங்களில் கிடைக்கக்கூடிய வழிகளையெல்லாம் முதலில் முயன்று பார்த்திருக்க வேண்டும் என்பது ஒன்று. பாதிக்கப்பட்டவர் தன் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இரட்டைக் குடியுரிமைக்காரர் சிக்கிக்கொள்கிறார்.

1930-இல் எழுதிய ஒரு வரி

குடியுரிமைச் சட்டங்கள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது என்று 1930-இல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் 4-ஆம் பிரிவு சொல்வது இது: ஒருவர் இரண்டு நாடுகளின் குடிமகனாக இருந்தால், அதில் ஒரு நாடு மற்ற நாட்டுக்கு எதிராக அவருக்கு ராஜதந்திரப் பாதுகாப்பு தர முடியாது. இரண்டு நாடுகளும் சமம், ஆளுக்கு ஆள் ஒரே உரிமை, ஒன்று மற்றதைக் கேள்வி கேட்க முடியாது என்பது அன்றைய நியாயம். நாடு விட்டு நாடு போவது அரிதாக இருந்த காலம் அது. இப்போது கோடிக்கணக்கான மனிதர்கள் பிறப்பால் ஒரு நாடு, வாழ்வால் இன்னொரு நாடு என்று இருக்கிறார்கள்.

அந்த வரி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டிலேயே அதைப் பார்க்கலாம். வேறொரு நாட்டின் குடியுரிமையும் உள்ள பிரிட்டிஷ் குடிமக்களை அந்த நாட்டு அதிகாரிகளிடமிருந்து பிரிட்டனின் பிரதிநிதிகளால் பாதுகாக்க முடியாது என்று அதன் குறிப்புப் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். கடவுச்சீட்டின் முதல் பக்கம் இந்தக் குடிமகனுக்கு வேண்டிய உதவியும் பாதுகாப்பும் தரும்படி உலகத்தைக் கேட்டுக்கொள்கிறது. பின்பக்கம் எங்கே தன்னால் ஆகாது என்று சொல்கிறது. எத்தனை பேர் அந்தப் பின்பக்கத்தைப் படித்திருப்பார்கள்?

ஆனால் சர்வதேசச் சட்டம் 1930-இலேயே நின்றுவிடவில்லை. லீக்டென்ஸ்டைன் நாட்டுக் குடியுரிமை வாங்கிய நோட்டபோம் என்பவருக்காக அந்த நாடு குவாத்தமாலா மீது தொடுத்த வழக்கில், 1955-இல் சர்வதேச நீதிமன்றம், குடியுரிமை என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது, ஆளுக்கும் நாட்டுக்கும் உண்மையான பிணைப்பு இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் இத்தாலி-அமெரிக்கச் சமரச ஆணையம் மெர்ஜே என்ற வழக்கில் இன்னும் தெளிவாகப் பேசியது: இரண்டு குடியுரிமையில் எது மேலோங்கியது என்று பார்க்கலாம், மேலோங்கிய நாடு மற்ற நாட்டுக்கு எதிராகவும் குரல் கொடுக்கலாம். 1984-இல் ஈரான்-அமெரிக்க உரிமைகோரல் தீர்ப்பாயம் இதையே பின்பற்றியது. ஈரான் இதைக் கடுமையாக எதிர்த்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் 2006-இல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் ராஜதந்திரப் பாதுகாப்பு பற்றிய வரைவு விதிகளை முடித்தபோது, 7-ஆம் விதியாக இதைச் சேர்த்தது. மேலோங்கிய குடியுரிமை எந்த நாட்டுடையதோ அந்த நாடு வழக்கை ஏற்கலாம்.

மேலோங்கியது எது என்று எப்படிச் சொல்வது? எங்கே வழக்கமாக வசிக்கிறார், எங்கே படித்தார், எங்கே வேலை, குடும்பம் எங்கே, வரி எங்கே கட்டுகிறார், எவ்வளவு காலம் எந்த நாட்டில் இருந்தார் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே "அவர் இரட்டைக் குடியுரிமைக்காரர், எங்கள் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன" என்று ஒரு வெளியுறவு அமைச்சர் கூறினால், அது முழு உண்மை இல்லை. கை கட்டப்படவில்லை. நீட்டுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

தூதரக உதவியிலும் இந்தத் தெளிவின்மை இருக்கிறது. வியன்னா ஒப்பந்தம் இரட்டைக் குடியுரிமை பற்றி வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கைது செய்யும் நாடுகள் தங்களுக்குச் சாதகமாக வாசிக்கின்றன. அமெரிக்காவில் மரண தண்டனை பெற்ற மெக்சிகோக்காரர்களுக்காக மெக்சிகோ தொடுத்த வழக்கில், இவர்களில் சிலர் அமெரிக்கக் குடிமக்களும்கூட என்று அமெரிக்கா வாதாடிப் பார்த்தது. அப்படியானால் அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு, நீங்கள் நிரூபிக்கவில்லை என்று 2004-இல் சர்வதேச நீதிமன்றம் கூறிவிட்டது. நிரூபித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உரிமையா, கருணையா?

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். ஒரு அரசு தன் குடிமகனுக்காகக் குறுக்கிடலாம் என்றால், குறுக்கிட வேண்டும் என்று அந்தக் குடிமகன் கேட்க முடியுமா? நீதிமன்றம் போய் அரசைக் கட்டாயப்படுத்த முடியுமா?

சர்வதேசச் சட்டம் இதுவரை இல்லை என்றே சொல்கிறது. 1970-இல் பார்சிலோனா டிராக்‌ஷன் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பாதுகாப்பு தருவதா, எவ்வளவு தருவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அரசின் விருப்பம். பாதிக்கப்பட்டவருக்கு அதில் பிடி இல்லை, வேண்டுமானால் தன் நாட்டுச் சட்டத்தில் வழி தேடிக்கொள்ளலாம். 2006-ஆம் ஆண்டின் வரைவு விதிகளில் 19-ஆவது மட்டும் சற்று நகர்கிறது: பெரிய பாதிப்பு நேர்ந்திருந்தால் அரசு பாதுகாப்பு தருவதைப் பற்றி உரிய முறையில் பரிசீலிக்க வேண்டும், முடிந்தவரை பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்க வேண்டும். அதுவும் நல்ல நடைமுறை என்ற பரிந்துரைதான்.

உள்நாட்டு நீதிமன்றங்கள் கொஞ்சம் தூரம் வந்திருக்கின்றன. குவாண்டனாமோவில் அடைபட்ட ஒரு பிரிட்டிஷ் குடிமகன் வழக்கில் 2002-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் தன் கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று எதிர்பார்க்க அவருக்கு நியாயம் உண்டு என்றது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2004-இல் கௌண்டா வழக்கில் ஏறத்தாழ இதையே சொன்னது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், வெளிநாட்டில் தன் குடிமக்களைக் காப்பது அரசின் கடமையே என்று 1980-இல் ஏற்றது. எப்படிக் காப்பது என்பதில் அரசுக்குப் பரந்த சுதந்திரத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டது.

அமெரிக்காவில் 1868-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் உண்டு. வெளிநாட்டு அரசு அமெரிக்கக் குடிமகனை அநியாயமாகச் சிறைபிடித்தால், அதிபர் காரணம் கேட்க வேண்டும், அநியாயம் என்று தெரிந்தால் விடுதலையைக் கோர வேண்டும். 2020-இல் ராபர்ட் லெவின்சன் பெயரில் வந்த சட்டம், ஒரு கைது "அநியாயமான சிறைவைப்பு" என்று எப்போது கருதப்பட வேண்டும் என்பதற்குப் பதினோரு அளவுகோல்களைத் தந்தது. பத்திரிகைச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியதற்காகக் கைதானாரா என்பதும் அவற்றில் ஒன்று. அந்தப் பட்டம் கிடைத்தால், கோப்பு சாதாரணத் தூதரக அலுவலரின் மேசையிலிருந்து பிணைக்கைதிகள் விவகாரத்துக்கான சிறப்புத் தூதரிடம் போகும். அவர் பேரம் பேசுவார்.

அந்தச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு விலக்கு ஏதும் இல்லை. நடைமுறை என்ன என்பதை 2023-இல் ரஷ்யாவில் பார்த்தோம். வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் எவான் கெர்ஷ்கோவிச் மார்ச் 29 அன்று கைதானார். ஏப்ரல் 10 அன்று அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. அவர் அமெரிக்கக் குடிமகன் மட்டுமே. ரேடியோ ஃப்ரீ யூரோப் நிறுவனத்தில் வேலை பார்த்த அல்சு குர்மஷேவா அமெரிக்க, ரஷ்யக் குடியுரிமை இரண்டும் உள்ளவர். பிராக் நகரில் கணவரோடும் இரண்டு மகள்களோடும் வாழ்ந்தவர், உடல்நலம் குன்றிய தாயைப் பார்க்க கசான் நகருக்குப் போனார். திரும்பும்போது, 2023 ஜூன் 2 அன்று, விமான நிலையத்தில் நிறுத்தி இரண்டு கடவுச்சீட்டையும் பறித்துக்கொண்டார்கள். அமெரிக்கக் குடியுரிமையைப் பதிவு செய்யவில்லை என்று முதலில் அபராதம். அக்டோபர் 18 அன்று, "அயல்நாட்டு முகவர்" என்று பதிவு செய்யவில்லை என்று கைது. பின்பு, ராணுவத்தைப் பற்றிப் பொய் பரப்பினார் என்று இன்னொரு வழக்கு. ரஷ்யா அவரை ரஷ்யராகவே கருதி அமெரிக்கத் தூதரக அதிகாரிகளைப் பார்க்க விடவில்லை. மாதக்கணக்கில் அவருடைய குடும்பமும் பத்திரிகைச் சுதந்திர அமைப்புகளும் கேட்டுக்கொண்டே இருந்தும், கெர்ஷ்கோவிச்சுக்குப் பன்னிரண்டே நாளில் கிடைத்த பட்டம் அவருக்கு அறிவிக்கப்படவில்லை. 2024 ஜூலை 19 அன்று, இருவருக்கும் ஒரே நாளில் தண்டனை: கெர்ஷ்கோவிச்சுக்கு 16 ஆண்டு, குர்மஷேவாவுக்கு ஆறரை ஆண்டு. ஆகஸ்ட் 1 அன்று நடந்த பெரிய கைதிகள் பரிமாற்றத்தில் இருவரும் ஒன்றாக வீடு திரும்பினார்கள்.

முடிவு நல்லபடி அமைந்தது என்பதற்காக அந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. இருவரிடமும் அமெரிக்கக் கடவுச்சீட்டு, இருவருக்கும் ஒரே தொழில், சிறைபிடித்ததும் ஒரே அரசு. ஒருவருக்குப் பிறந்த ஊர் வேறு என்பதற்காக அவசரம் குறைந்தது. குடியுரிமையில் முதல் தரம், இரண்டாம் தரம் இல்லை என்று அரசியலமைப்புகள் சொல்கின்றன. சிறைக் கதவின் முன்னால் அந்தத் தரங்கள் திரும்ப வந்துவிடுகின்றன என்பதுதான் எனக்கு இதில் பொறுக்க முடியாத விஷயம்.

ஏன் பத்திரிகையாளர்கள்?

இரட்டைக் குடியுரிமை உள்ள வணிகரும் மாணவரும்கூடக் கைதாகிறார்கள். பத்திரிகையாளருக்குக் கூடுதல் ஆபத்து ஏன்? மொழி தெரிந்தவர், ஊர் தெரிந்தவர், உறவினர் உள்ளவர் என்பதாலேயே செய்தி நிறுவனங்கள் இவர்களை அந்த நாட்டுக்கு அனுப்புகின்றன. வாஷிங்டன் போஸ்டின் தெஹ்ரான் அலுவலகத் தலைவர் ஜேசன் ரெசையான் ஈரானிய-அமெரிக்கர். மற்றவர்களால் எழுத முடியாத ஈரானை அவரால் எழுத முடிந்தது அதனால்தான். 2014 ஜூலையில் அவரைப் பிடித்து 544 நாட்கள் எவின் சிறையில் வைத்திருந்ததும் அதனால்தான். அவரைப் பார்க்க, அமெரிக்காவின் சார்பில் தெஹ்ரானில் செயல்படும் சுவிட்சர்லாந்து தூதரகத்துக்கும் அனுமதி கிடைக்கவில்லை. ஈரானியச் சட்டத்துக்கு அவர் ஈரானியர் மட்டுமே. 2016 ஜனவரி 16 அன்று கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார்.

கனடாவின் அனுபவம் இன்னும் கசப்பானது. மாண்ட்ரியலில் வாழ்ந்த ஈரானிய-கனடியப் புகைப்படச் செய்தியாளர் ஜாரா கசேமி, 2003 ஜூன் 23 அன்று எவின் சிறைக்கு வெளியே காத்திருந்த குடும்பங்களைப் படம் எடுத்ததற்காகக் கைதானார். ஜூலை 11 அன்று இறந்துவிட்டார். பக்கவாதம் என்று முதலில் சொன்ன ஈரானிய அதிகாரிகள், பிறகு தலையில் அடிபட்டதை ஒப்புக்கொண்டார்கள். அவருடைய மகனும் கனடா அரசும் உடலைக் கேட்டார்கள். ஈரான் அவரைத் தன் குடிமகள் என்று சொல்லி ஷிராஸ் நகரில் அடக்கம் செய்தது. கனடா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. மகன் கனடா நீதிமன்றத்தில் ஈரான் அரசு மீது வழக்குப் போட்டார். வெளிநாட்டு அரசுகள் மீது வழக்குத் தொடர முடியாதபடி கனடாவின் சட்டமே தடுக்கிறது என்று 2014-இல் கனடா உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. பாதிக்கப்பட்டவர் தானே வழக்காட முடியாது, அரசு நினைத்தால் மட்டுமே முடியும் என்றால், அரசு நினைக்காமல் விடுவதற்குக் கணக்குக் கேட்பவர் யார்?

சீனா வேறு வழியில் இதைச் செய்கிறது. அதன் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; இன்னொரு நாட்டின் குடியுரிமை பெற்று அங்கே குடியேறிய சீனர் சீனக் குடியுரிமையைத் தானாகவே இழக்கிறார் என்கிறது. சுவீடன் குடிமகனான பதிப்பாளர் குய் மின்ஹாய், சீனத் தலைவர்களைப் பற்றிய நூல்களை ஹாங்காங்கில் வெளியிட்டவர். 2015 அக்டோபரில் தாய்லாந்தின் பட்டாயாவிலிருந்து காணாமல் போய்ச் சீனச் சிறையில் தென்பட்டார். பின்பு வெளியே விடப்பட்டவர், 2018 ஜனவரியில் சுவீடன் தூதரக அதிகாரிகள் உடன் இருக்கும்போதே ரயிலில் வைத்துப் பிடிக்கப்பட்டார். 2020-இல் பத்து ஆண்டு தண்டனை. அவரே விரும்பிச் சீனக் குடியுரிமையைத் திரும்பப் பெற்றுவிட்டார் என்று சீனா அறிவித்தது. சிறையில் இருப்பவரின் குடியுரிமையைச் சிறை வைத்தவரே தீர்மானித்துவிட்டால், தூதரகம் எந்த உரிமையைக் கேட்கும்?

மெதுவாகவா, உரக்கவா?

கைதான உடனே வெளியுறவுத் துறை குடும்பத்திடம் சொல்லும் முதல் அறிவுரை, ஊடகத்தில் பேசாதீர்கள், பின்னணியில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது. சில வழக்குகளில் அது பலித்திருக்கிறது. பலிக்காதபோது எத்தனை ஆண்டு பொறுப்பது என்பதற்கு விதி இல்லை.

எரித்திரியாவில் பிறந்த டேவிட் ஐசக் போரின்போது சுவீடனுக்கு அகதியாகப் போய் 1992-இல் அந்நாட்டுக் குடிமகன் ஆனவர். தாய்நாடு விடுதலை பெற்றபின் திரும்பிப் போய் செத்தித் என்ற சுதந்திரப் பத்திரிகையில் பங்காளியானார். ஜனநாயகச் சீர்திருத்தம் கேட்டு ஆளும் தரப்பின் மூத்தவர்கள் எழுதிய கடிதத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டன. 2001 செப்டம்பரில் அரசு எல்லாச் சுதந்திரப் பத்திரிகைகளையும் மூடியது. 23-ஆம் தேதி அவர் கைதானார். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தண்டனையும் இல்லை. 2005 நவம்பரில் வெளியே விட்டார்கள். சுவீடனில் இருந்த குடும்பத்தோடு தொலைபேசியில் பேசினார். இரண்டே நாளில் மறுபடி பிடித்துவிட்டார்கள். விசாரணையும் கிடையாது, விடுதலையும் கிடையாது என்று எரித்திரிய அதிபர் 2009-இல் சுவீடன் தொலைக்காட்சிக்கே பேட்டி கொடுத்தார். சுவீடன் பல ஆண்டுகள் பின்பற்றியது அமைதியான ராஜதந்திரத்தை. ஐசக், குய் மின்ஹாய் இருவருக்காகவும் தன் அரசு செய்தது என்ன, செய்யாதது என்ன என்று ஆராய ஓர் ஆணையத்தைச் சுவீடன் அமைத்தது. அது 2022-இல் அறிக்கை தந்தது. இப்படி ஓர் ஆணையத்தை அமைத்ததற்காக அந்த நாட்டைப் பாராட்டலாம். ஆனால் அது வர இருபது ஆண்டு ஆயிற்று.

உரக்கப் பேசியதற்கு எடுத்துக்காட்டு பிரிட்டன். பிரிட்டிஷ், ஈரானியக் குடியுரிமை இரண்டும் உள்ள நாஜனின் ஜகாரி-ராட்கிளிஃப் பத்திரிகையாளர் அல்லர். தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் ஊழியர். 2016 ஏப்ரல் 3 அன்று குழந்தையோடு தெஹ்ரான் விமான நிலையத்தில் கைதானார். 2017 நவம்பரில் அன்றைய வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன், அவர் அங்கே இதழியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்று நாடாளுமன்றக் குழுவில் தவறாகச் சொல்லிவிட்டார். சில நாட்களிலேயே அந்தப் பெண்ணை மறுபடி நீதிமன்றத்துக்கு இழுத்து, அமைச்சரின் அந்தச் சொற்களையே எதிராகக் காட்டினார்கள். இதழியல் என்ற ஒரு சொல்லே அங்கே குற்றச்சாட்டாகிவிடுகிறது. ஒரு அமைச்சர் கோப்பைப் படிக்காமல் பேசினால் அதன் விலையைக் கொடுப்பவர் சிறையில் இருக்கிறார்.

2019 மார்ச்சில் அடுத்த வெளியுறவு அமைச்சர் ஜெரமி ஹன்ட், அவருக்கு முறையான ராஜதந்திரப் பாதுகாப்பு தருவதாக அறிவித்தார். இரட்டைக் குடியுரிமை உள்ள ஒருவருக்காக, அவருடைய இன்னொரு நாட்டுக்கு எதிராக, பிரிட்டன் அந்தப் படியை ஏறியது மிகவும் அரிதான செயல். கடவுச்சீட்டின் பின்பக்கக் குறிப்பு கல்லில் எழுதியதல்ல என்று அன்று தெரிந்தது. ஆனாலும் அதை வைத்துப் பிரிட்டன் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. 1970-களில் ஈரானின் ஷா அரசு பீரங்கி வண்டிகளுக்கு முன்பணம் கட்டி, புரட்சிக்குப் பின் பிரிட்டன் கொடுக்காமல் நிறுத்திவைத்திருந்த கடன் 2022 மார்ச்சில் தீர்க்கப்பட்டது. தொகை ஏறத்தாழ 39 கோடியே 40 லட்சம் பவுண்டு. அதே நாட்களில் அவர் வீடு திரும்பினார்.

கடமை என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்

விடுதலையான ஃபாமி கனடாவுக்குத் திரும்பி, 2016-இல் அம்னெஸ்டி அமைப்பின் கனடா கிளையோடு சேர்ந்து பன்னிரண்டு அம்சப் பாதுகாப்பு சாசனம் ஒன்றை அரசின் முன் வைத்தார். தூதரக உதவி பெறுவதைச் சட்டப்படியான உரிமை ஆக்க வேண்டும், இரட்டைக் குடியுரிமைக்காரரைச் சமமாக நடத்த வேண்டும் என்பவை அதன் உயிர். 2020-இல் ஊடகச் சுதந்திரத்துக்கான சட்ட வல்லுநர் குழுவுக்காக, கனடாவின் முன்னாள் நீதித்துறை அமைச்சர் இர்வின் காட்லர் பத்திரிகையாளர்களுக்கான தூதரக உதவி பற்றித் தனி அறிக்கை எழுதினார். 2021 பிப்ரவரியில், வெளிநாட்டவரைப் பிடித்துவைத்து அரசுகளிடம் பேரம் பேசுவதற்கு எதிரான பிரகடனத்தைக் கனடா முன்னின்று வெளியிட்டது. அந்தப் பிரகடனத்தில் பல நாடுகள் கையெழுத்திட்டன. ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. பிரிட்டனில் தொழிற்கட்சி 2024 தேர்தல் அறிக்கையில், மனித உரிமை மீறல் நடக்கும்போது தூதரக உதவியை உரிமையாக்குவோம் என்று வாக்குக் கொடுத்தது.

விடுதலையை எந்த அரசும் உத்தரவாதமாகத் தர முடியாது. சாவி இன்னொருவர் கையில் இருக்கிறது. ஆனால் கேட்பது தன் கையில் இருக்கிறது. கைது தெரிந்த உடனே சந்திக்க அனுமதி கேட்பது, மறுத்தால் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிப்பது, மறுபடி மறுபடி கேட்பது. ஒவ்வொரு விசாரணைக்கும் நீதிமன்ற வாசலுக்காவது ஆள் அனுப்புவது. குடும்பத்துக்கு ஒரே தொடர்பு அதிகாரியை நியமிப்பது. ராஜதந்திரப் பாதுகாப்பு கேட்டு வந்த மனுவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலித்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவது. அந்தக் காரணத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழிவிடுவது. இரட்டைக் குடியுரிமை என்பது இவற்றில் எதையும் செய்யாமல் விடக் காரணமாகக் கூடாது. பரிசீலிக்க வேண்டும் என்பதிலிருந்து காரணம் சொல்லியாக வேண்டும் என்பது வரை சட்டம் நகர்ந்தாலே குடும்பங்களின் நிலை வெகுவாக மாறும் என்பது என் உறுதியான எண்ணம். இப்போது அவர்கள் தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் "கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரு வாக்கியம்தான்.

நம்மில் யாருக்குப் பொருந்தும்?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை அன்று, நீண்டகால விசா போன்ற ஓர் ஏற்பாடு. ஆகவே அமெரிக்கக் கடவுச்சீட்டும் ஓசிஐ அட்டையும் உள்ள ஒரு தமிழ்ச் செய்தியாளர் சென்னையில் கைதானால், சட்டப்படி அவர் வெளிநாட்டவர். அமெரிக்கத் தூதரகத்தை அவர் கேட்கலாம், இந்தியா அனுமதிக்க வேண்டும். ஆனால் ஓசிஐ அட்டையோடு வந்து இந்தியாவில் பத்திரிகைப் பணி செய்வதற்கு முன்பே சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச்சில் மத்திய உள்துறை அறிவித்திருப்பதை மறக்கக் கூடாது.

இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியேறி, இலங்கைக் குடியுரிமையையும் மீண்டும் பெற்றுக்கொண்ட ஈழத்தமிழர்கள் நிறைய. அவர்களில் யாராவது செய்தி எழுதவோ படம் எடுக்கவோ இலங்கைக்குப் போனால், ஃபாமி நின்ற அதே இடத்தில்தான் சட்டப்படி நிற்கிறார்கள். புறப்படும் முன், குடியேறிய நாட்டின் வெளியுறவுத் துறை இரட்டைக் குடியுரிமை பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று படியுங்கள். எந்தக் கடவுச்சீட்டில் உள்ளே போகிறீர்கள் என்பதை வேலை தரும் நிறுவனத்துக்கும் வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு வக்கீலின் பெயரும், கைதானால் ஊடகத்தில் பேசலாமா வேண்டாமா என்ற உங்கள் விருப்பமும் எழுத்தில் வீட்டில் இருக்கட்டும். மேலோங்கிய குடியுரிமை எது என்று பின்னால் வாதாட நேர்ந்தால் வேண்டியவை வீட்டு ஆவணம், வரி ரசீது, வேலை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு. அவற்றின் நகல்களை வெளியுறவுத் துறைக்குக் கொடுக்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.